ஓய்வெடுன்னு சொன்னது ஒரு குத்தமா?

அத்தியாயம் 18

போன வாரம் அந்த மூன்றடுக்குத் தூக்குச்சட்டி மூடிகூடத் திறக்காமல் திரும்பி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு லாண்டரியம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "என் கைச் சாப்பாடு கசக்குதாமா அவளுக்கு?" என்று வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து போன். உங்கள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற பெண் புகார் கொடுத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வாருங்கள் என்றார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லாண்டரியம்மா என்பது தெரு வைத்த பெயர். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வருகிற விரிப்புகளைத் துவைத்து, பெட்டி போட்டு, மடித்து அனுப்புவது அவள் தொழில். வேலை செய்கிறவர்களை ஆள் என்று சொல்ல மாட்டாள், "என் பிள்ளைங்க" என்பாள். ஒருவருக்குத் தலைவலி என்றால் மாத்திரையோடு கஷாயமும் கொண்டுவந்து மூக்கைப் பிடித்து ஊற்றுகிற ரகம்.

அந்தப் பிள்ளைகளில் செல்லப்பிள்ளை குருவி. ஆள் சின்னது, கை மின்னல். அவளுக்கு ஜோடி நெட்டை. அந்தக் கூடத்தில் பெரிய விரிப்பை யாரும் தனியாக மடிப்பதில்லை. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, எதிரெதிரே நடந்து வந்து நடுவில் முனைகளைச் சேர்ப்பார்கள். குருவியும் நெட்டையும் அப்படி ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சந்தித்துக்கொண்டவர்கள்.

குருவி உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் லாண்டரியம்மா ஒரு நாள் அவள் கையிலிருந்த விரிப்பை வாங்கிக்கொண்டு, "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம் கண்ணு. வீட்ல படுத்து ஓய்வெடு. சாப்பாடு நான் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இதற்குப் போய்ப் புகாரா?

"இதுக்குப் போய்ப் புகாரா?" என்று காலையிலிருந்து பதினெட்டாவது முறையாக அவள் கேட்டபோது, கணவர் வெந்நீர்ப் பையை அவள் இடுப்புக்குப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாக அவளுக்கு இடுப்பு வலி. ஏன் வந்தது என்று கேட்டால் வள்ளென்று விழுவாள்.

"குருவி தலையில பனங்காய வைக்கக் கூடாதுன்னு நெனச்சே. நல்லதுதானே?" என்றார் அவர்.

"அதை அங்க வந்து சொல்லுங்களேன்."

"நானா? எனக்கு வண்டியில லோடு இருக்கு" என்று அவர் நழுவினார். முப்பது வருஷக் குடும்பத்தில் அந்த மனிதர் கற்றுத் தேர்ந்த ஒரே கலை அதுதான்.

கூட வந்தது மருமகள். பெரிய கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். மகன் வெளியூர் வேலையில் இருப்பதால் மாமியாரும் மருமகளும்தான் வீட்டில் ஒருவருக்கொருவர் துணை, ஒருவருக்கொருவர் தலைவலி. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருந்தாள்.

"நீ ஏன் எதுவும் சாப்பிடாம வந்தே?"

"வயிறு சரியில்ல அத்தை. அசிடிட்டி."

"எல்லாம் அந்த ஆபீஸ்தான். ராப்பகலா நம்பரைப் பாத்துப் பாத்து முகமே வத்திப்போச்சு. விட்டுத் தொலைன்னா கேக்குறியா? வீட்ல என்ன குறை உனக்கு?"

மருமகள் ஆட்டோவின் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்று வாங்கினாள். மாமியார் அதைக் கவனிக்கவில்லை, அவள் கவனமெல்லாம் குருவியைப் பார்த்ததும் என்ன கேட்பது என்பதில் இருந்தது. நன்றி கெட்டவளே என்று ஆரம்பிக்கலாமா? இல்லை, பேசாமலே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா?

தொழிலாளர் அலுவலகத்தின் நடையில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் குருவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், இன்று காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்த நெட்டை.

"அடிப்பாவி!" என்றாள் லாண்டரியம்மா நெட்டையைப் பார்த்து. நெட்டை எழுந்து நின்றாள். அவ்வளவு உயரத்தையும் தூணுக்குப் பின்னால் ஒளிக்கப் பார்த்தாள்.

லாண்டரியம்மாவின் பார்வை குருவி மேல் போனது. முகம் சிறுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. யோசித்து வைத்த வசனமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"சாப்ட்டியா?" என்றாள்.

"ம்."

"பொய். உன் முகத்துலயே தெரியுது." தன் இடுப்புக்காகக் கொண்டு வந்த சின்னத் தலையணையை எடுத்து குருவியின் முதுகுக்குப் பின்னால் வைத்தாள். "வெறும் பெஞ்சுல இப்படியா உக்காருவே?"

குருவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த அதிகாரி இந்தக் காட்சியைக் கண்டு கொஞ்சம் குழம்பிப்போனார். சின்ன வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி. "சலவைக்கூடத்துப் புகார் நீங்கதானே? இதுல முதலாளி யாரு?" என்று கேட்டார்.

உள்ளே நாலு நாற்காலி, ஒரு மேஜை, சத்தம் போடுகிற மின்விசிறி.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "இவங்களை வேலைக்கு வர வேண்டாம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு கேளுங்க."

"சொல்லுங்க."

"வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு மேடம். ஆவியும் சூடுமா இருக்கிற இடம். நாள் பூரா நிக்கணும். அதான் ஓய்வெடுன்னு சொன்னேன். ஓய்வெடுன்னு சொன்னது ஒரு குத்தமா? தினமும் மூணு அடுக்குல சாப்பாடு அனுப்புனேன். என் வீட்டுக்காரரே கொண்டுபோய்க் கொடுத்தாரு. எந்த முதலாளி செய்வா?"

"யாரும் செய்ய மாட்டாங்கம்மா" என்றார் அதிகாரி. நிஜமாகவே சொன்னார். பிறகு குருவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

குருவி தலை நிமிரவில்லை. "சாப்பாடு வந்துச்சு மேடம். சம்பளம் வரல."

லாண்டரியம்மாவுக்குச் சுருக்கென்றது. "பணம் வேணும்னா கேட்டிருக்கலாமேடி. நான் இல்லைன்னா சொல்லியிருப்பேன்?"

"அதான்மா. கேக்கணும்ல?" இப்போது குருவி நிமிர்ந்தாள். "வேலை செஞ்சா நான் கேக்க வேண்டாம். மாசம் பொறந்தா அது என் காசு. என் வீட்டுக்காரர் அனுப்புறது வாடகைக்குத்தான் சரியா இருக்கும். மத்ததெல்லாம் என் கையில இருந்துச்சு. இப்ப மத்தியானம் ஆனா வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஐயா தூக்குச்சட்டி கொண்டுவருவாரா, லேட்டாகுமான்னு. முதல் வாரம் அன்பா இருந்துச்சும்மா. அப்புறம் போகப்போக, பொய் சொல்லலை, பிச்சை மாதிரி இருந்துச்சு. அதான் திறக்காம அனுப்பிட்டேன். மன்னிச்சிடுங்க."

லாண்டரியம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தத் தெருவில் யாரும் பார்த்திராத காட்சி அது.

"டாக்டர் வேலை செய்யக் கூடாதுன்னு சொன்னாரா?" அதிகாரி கேட்டார்.

"எந்த டாக்டர்? ஒரு பிள்ளை பெத்து ஆளாக்குனவ நான். எனக்குத் தெரியாதா?"

"டாக்டர் நடமாடுறது நல்லதுன்னுதான் சொன்னாரு" என்றாள் குருவி. "கனம் தூக்க வேண்டாம்னாரு. அவ்வளவுதான்."

"அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையேம்மா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. உண்டாயிருக்காங்கங்கிறதுக்காக ஒருத்தரை வேலையை விட்டு அனுப்ப முடியாது. கோபத்துல அனுப்பினாலும் சரி, பாசத்துல அனுப்பினாலும் சரி, சட்டத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். செய்ற வேலையில ஆபத்து இருந்தா அந்த ஆபத்தை எடுக்கணும். முடியலைன்னா அவங்களைக் கேட்டு, லேசான வேலை கொடுக்கணும். எப்போ லீவுல போறதுங்கிறதை அவங்களும் டாக்டரும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. போய்ட்டுத் திரும்பி வரும்போது அவங்க இடம் அவங்களுக்கு இருக்கணும்."

"இடமா? இடத்தை யாரு எடுத்தா?" என்று பாய்ந்தாள் லாண்டரியம்மா.

இதுவரை சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்த நெட்டை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மேடம், அம்மா புது ஆள் யாரையும் போடலை. குருவி முனையைப் பிடிச்சு இந்த ஒரு மாசமா என்கூட மடிக்கிறது அம்மாதான். இந்த வயசுல நாள் பூரா நின்னு... அதான் இடுப்பு போச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"உன் வாயில..." என்று பல்லைக் கடித்தாள் லாண்டரியம்மா.

குருவி திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவாம்மா?"

"பின்னே? உன் இடத்துல எவளையோ கொண்டுவந்து நிறுத்தச் சொல்றியா?"

"அதைச் சொல்லியிருந்தா நான் ஏம்மா இங்க வரப்போறேன்? வேற ஆள் போட்டுட்டீங்கன்னு நெனச்சு எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?" குருவிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏம்மா திடீர்னு அப்படிச் சொன்னீங்க? முதல் நாள்வரைக்கும் நல்லாத்தானே இருந்தீங்க?"

லாண்டரியம்மா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தத் தள்ளுவண்டி."

"எது?"

"ஈரத்துணி வண்டிடி. அன்னிக்கு உன் பக்கமா தானா உருண்டு வந்துச்சே. நெட்டை இழுத்துப் பிடிக்கலைன்னா நேரா உன் வயித்துல இடிச்சிருக்கும். நீ சிரிச்சுக்கிட்டே நகர்ந்துட்டே. எனக்கு அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. விடிஞ்சதும் சொல்லிட்டேன்."

"வண்டி ஏன் தானா உருளுது?" அதிகாரி கேட்டார்.

"பிரேக் பிடிக்காது மேடம்" என்றாள் நெட்டை. "சக்கரத்துக்கு அடியில செங்கல் வைப்போம். அன்னிக்கு யாரோ செங்கல்லை நகர்த்திட்டாங்க."

"எவ்வளவு நாளா செங்கல்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செங்கல் கூடத்துக்கு வந்து எத்தனை காலம் என்று யாருக்கும் நினைவில்லை. அதற்குச் சிவப்புச் சாயம்கூட அடித்து வைத்திருந்தார்கள், தடுக்கக் கூடாது என்று. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடமே செங்கல் வைப்பதுதான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "ஏம்மா, பிரேக் இல்லாத வண்டியை உள்ளே வச்சுக்கிட்டு, நல்லா இருக்கிற ஆளை வெளிய அனுப்பிட்டீங்களே?"

லாண்டரியம்மாவுக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனால் யானைக்குச் சறுக்கினால் அது சத்தமாகத்தான் விழும். அந்த அம்மாள் பக்கத்திலிருந்த மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"இந்த ஒரு மாச சம்பளம்..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"முழுசா கொடுத்துடறேன்" என்றாள் அவர் முடிப்பதற்குள். பிறகு குருவியிடம், ஒவ்வொரு வார்த்தையாக, பழக்கமில்லாத பாஷை பேசுகிறவள் போல, "நீ வர்றியா? வரலாம்னா வா. எந்த வேலை செய்ய முடியும்னு நீயே சொல்லு" என்றாள்.

"மடிக்கிறதுல கனமே இல்லைம்மா. மூட்டை தூக்குறதுதான் கனம். அதை வேற யாராவது செஞ்சா போதும். அப்பப்ப உக்கார ஒரு நாற்காலி." குருவி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "சாப்பாடும் வேணும்னா அனுப்பலாம். இனிமே திறப்பேன்."

நெட்டை பொங்கிச் சிரித்துவிட்டாள். அலுவலகம் என்பதையும் மறந்து லாண்டரியம்மா அவள் தோளில் ஒன்று வைத்தாள்.

மத்தியானம் கூடத்துக்குள் நுழைந்ததும் அவள் போட்ட முதல் சத்தம் கணவருக்கு. "ஏங்க! அந்த வண்டிக்கு பிரேக் போடாம இன்னிக்குச் சாப்பாடு கிடையாது!"

"அதான் செங்கல் இருக்கே..."

"செங்கல்லைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இல்லைன்னா நானே அதை வேற எங்கயாவது போட வேண்டியிருக்கும்."

மனிதர் சொன்ன லோடை மறந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பெட்டி போடுகிற பெரிய உருளையிலிருந்து வெள்ளை விரிப்புகள் சூடாக இறங்கிக்கொண்டிருந்தன. குருவி வந்துவிட்டாள் என்று எல்லோரும் ஒரு தடவை வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

"நாற்காலி இங்க போடவா, அங்க போடவா?" லாண்டரியம்மா கேட்டாள்.

"இங்க."

"ஜன்னலைத் திறக்கவா?"

"திறங்கம்மா."

"தண்ணி வேணுமா? வெந்நீரா, பச்சைத்தண்ணியா?"

"அம்மா, கேக்கச் சொன்னது நிஜம்தான். அதுக்காக மூச்சு விடறதுக்கெல்லாம் கேக்காதீங்க" என்றாள் குருவி, விரிப்பின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டிக்கொண்டே. "முதல் விரிப்பு உங்களோட. அப்புறம் நெட்டை வரட்டும்."

லாண்டரியம்மா எதிர் முனைகளைப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள். எதிரெதிரே நடந்து வந்தார்கள். நடுவில் சேரும் இடத்தில் குருவியின் வயிறு முன்னால் வந்து நின்றதால், லாண்டரியம்மா கையை எட்டி நீட்டி முனைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. விரிப்பு கொஞ்சம் கோணலாகத்தான் மடிந்தது. வேறு நாளாக இருந்தால் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்லியிருப்பாள். இன்றைக்கு அதை அப்படியே அடுக்கில் வைத்துவிட்டு, யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருமகள் பார்த்துவிட்டாள். ஆபீசுக்குத் திரும்பிப் போகாமல் கதவருகிலேயே நின்றிருந்தவள், மெதுவாகக் கிட்டே வந்தாள்.

"அத்தை, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

சோப்பு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலைக்கு இருவரும் போனார்கள்.

"இனிமே நிஜமாவே கேட்டுத்தான் செய்வீங்களா?"

"என்னடி நீயும் விசாரணை பண்றே? செய்வேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. என்ன விஷயம்?"

மருமகள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "அசிடிட்டி இல்லை அத்தை. மூணு மாசம்."

லாண்டரியம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. உருளை சத்தம், ஆவி சத்தம், வண்டிக்கு அடியில் கணவர் முனகுகிற சத்தம், எல்லாம் நின்றுபோனது. அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். பிறகு சட்டென்று விலகினாள்.

"மூணு மாசமா? அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்."

"பெத்தவகிட்டயேவா? ஒரே வீட்ல இருக்கேன், என்கிட்ட மறைச்சியா? ஏண்டி?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க என்னையும் வேலையை விடச் சொல்லிப் படுக்க வச்சுடுவீங்கன்னு பயந்தேன் அத்தை. மூணு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து கொடுப்பீங்க. என்னால மறுத்துப் பேசவும் முடியாது. உங்க பாசத்துக்கு முன்னாடி யாருக்கு வாய் வரும்?"

காலையில் ஆட்டோவில் தான் சொன்னது லாண்டரியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. விட்டுத் தொலை என்று சொன்னாள். வீட்டில் என்ன குறை என்று கேட்டாள். குருவியாவது சட்டத்திடம் போக முடிந்தது. சொந்த மருமகள் எங்கே போவாள்? மூன்று மாசமாகத் தன் வீட்டிலேயே ஒருத்தி வாந்தியைத் தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தில் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது.

'வேலையை விட்டுடு கண்ணு' என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைத் தொண்டைக்குள் திருப்பி அனுப்ப அந்த அம்மாள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"உனக்கு என்ன வேணும்? நீ சொல்லு" என்றாள்.

மருமகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "வேலை வேணும் அத்தை. அப்புறம் உங்க கைச் சாப்பாடு. இந்த வரிசையில."

"சரி. இந்த வரிசையிலேயே."

"இன்னொண்ணும் இருக்கு." குரல் தாழ்ந்தது. "ஆபீஸ்ல என்னை இன்னும் நிரந்தரம் பண்ணலை. திங்கக்கிழமைதான் மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. எனக்கு முன்னாடி போனவகிட்ட, குழந்தை குட்டின்னு ஏதாவது திட்டம் இருக்கான்னு கேட்டாராம். ஆமான்னு சொன்னதும் அவளை நிறுத்திட்டாங்க. என்கிட்டயும் கேப்பாரு. நான் என்ன சொல்றது? அதுவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது அத்தை. மாமாவுக்குக்கூட."

"அவன் யாருடி அதைக் கேக்க?" என்று லாண்டரியம்மா சீறினாள். காலையில் அதிகாரி முன்னால் குறுகி உட்கார்ந்திருந்தவளா இவள் என்று இருந்தது. உடனே கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

வண்டிக்கு அடியிலிருந்து கணவர் எழுந்து வந்தார். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் சிவப்புச் செங்கல். "பிரேக் பிடிச்சாச்சு. என்ன, மாமியாரும் மருமகளும் மூலையில ரகசியம் பேசுறீங்க? நீ ஏன் அழறே?" என்று மனைவியைக் கேட்டார்.

கூடமே திரும்பிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்ததைக்கூடப் பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுகிற லாண்டரியம்மா, பொத்திய கையை எடுக்காமல் மருமகளைப் பார்த்தாள். மருமகள் கண்ணாலேயே கெஞ்சினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று ராத்திரி, இரண்டு பகல் முழுசாக இருந்தன.

"ஒண்ணுமில்லங்க, சோப்புத்தூள் கண்ணுல பட்டுடுச்சு" என்றாள் லாண்டரியம்மா.